முதல் சூடு

அந்தச் சனிக்கிழமை எங்கள் மேட்டுத் தெருவில் ஒரு ஆம்பளைக்கும் கால்சட்டையைக் கழற்றி மாட்ட இடமில்லாமல் போயிற்று. பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த சனங்கள் குடியிருக்கும் தெரு அது. வீட்டுக்கு வீடு கொல்லையில் சவுனா உண்டு. கல்லைக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற அந்த மர அறைக்கு முன்னால், உடை மாற்ற ஒடுக்கமாக ஓர் அறை இருக்கும். அதில் சுவரோரமாக ஒரு நீளக் கம்பு கிடக்கும், துணி மாட்ட. அத்தனை கம்பும் ஒரே நாளில் மாயமாய்ப் போயின.

முதலில் கண்டுபிடித்தவர் வைனோ. அவருக்கு எதிலும் அவசரம். மற்றவர்கள் சாயங்காலம் குளித்தால் அவர் மத்தியானமே அடுப்பை மூட்டிவிடுவார். பாதி அவிழ்த்த கால்சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று கத்தினார்.

"ஏய் ஹெய்க்கி! உன் சவுனால கம்பு இருக்காய்யா?"

"இருக்காம எங்க போவும்?"

"போய்ப் பாருய்யா முதல்ல!"

ஹெய்க்கி லஹ்டி போய்ப் பார்த்தார். சுவரில் இரண்டு கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அது வெறும் துணிக் கம்பு இல்லை. இருபத்தைந்து வருஷம் கப்பலுக்குத் தாது ஏற்றுகிற டாக்கின் உச்சியில் நின்று அவர் இரும்புத் தாது குத்திய கம்பு. எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். டாக்கை விட்டு ஒரேயடியாக இறங்குகிறவன் தன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். சவுனாவில் கட்டுவான். அப்புறம் சாகிற வரைக்கும் அதில்தான் சட்டையை மாட்டுவான்.

"இது அவ வேலைதான்," என்றார் ஹெய்க்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. "வேற யாருக்கு வரும் இந்தத் தைரியம்!"

அவ என்றது மருமகள் லெம்பியை. தப்பாகவும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரிய, முந்தின நாளுக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே சாரல். நாற்பத்துமூன்றாம் வருஷம், அக்டோபர் கடைசி. சுப்பீரியர் ஏரி கருத்துப்போய் டாக்கின் கால்களில் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஏரிக்குள் நீளமாக ஓடுகிற உயரமான மரப்பாலம்தான் எங்கள் டாக். உச்சியில் ரயில் வரும். சுரங்கத்துச் சிவப்புத் தாதுவைக் கீழே வரிசையாக இருக்கும் தொட்டிகளில் கொட்டிவிட்டுப் போகும். தொட்டியின் வாயைத் திறந்தால் தாது தகரச் சரிவு வழியாக வழுக்கிக் கப்பலின் வயிற்றில் போய் விழ வேண்டும். விழுந்தால்தானே? தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் ஆள். தொட்டியின் விளிம்பில் நின்று நீளக் கம்பால் குத்திக் குத்தி அடைப்பை எடுக்க வேண்டும். கால் தவறினால் தாதுவோடு தாதுவாகப் போக வேண்டியதுதான்.

ஆம்பளைகளில் பாதிப் பேர் சண்டைக்குப் போய்விட்டார்கள். லெம்பியின் புருஷன் ரெய்னோ பசிபிக் பக்கம் ஏதோ போர்க்கப்பலில் இருந்தான். தாது போனால்தான் இரும்பு, இரும்பு வந்தால்தான் பீரங்கி. டாக்கில் குத்த ஆள் போதவில்லை. வேறு வழியில்லாமல் மே மாதம் கம்பெனி பெண்களைக் கூப்பிட்டது. லெம்பி அதுவரைக்கும் கம்பெனியின் பெரிய அதிகாரி, சூப்பரண்டு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மா நாலு வருஷமும் அவளை "இந்தா பொண்ணு" என்றுதான் கூப்பிட்டாள். டாக்கில் முதல் நாள் மேஸ்திரி ஹால்வர் குடும்பப் பேரைச் சொல்லி "லஹ்டி!" என்று ஒரு சத்தம் போட்டபோது யாரைக் கூப்பிடுகிறார் என்று லெம்பி திரும்பிப் பார்த்தாள். அவளைத்தான். அன்றைக்கு வீடு வருகிற வரைக்கும் அந்தக் கூப்பாட்டை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஹால்வர் நார்வேக்காரர், நல்ல மனுஷர். அந்த நல்ல மனசுதான் வினையாகப் போயிற்று. பெண்களுக்குப் பளு தெரியக் கூடாதென்று தச்சரைக் கூப்பிட்டு, அவர்கள் கம்புகளில் ஒரு ஆள் உயரம் அறுத்தெறியச் சொன்னார். அடையாளத்துக்கு முனையில் வெள்ளைப் பெயின்ட் வேறு. என்ன கரிசனம், என்ன கரிசனம் என்று பெண்களுக்கெல்லாம் மனசு உருகிவிட்டது. வைனோவின் மகள் சைமா ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து நன்றி சொன்னாள். கோடை முழுக்கத் தாது காய்ந்து கிடந்தது, தொட்டாலே ஓடியது. ஒரு குறையும் தெரியவில்லை. அக்டோபர் மழை விழுந்ததும் தாது களிமண்ணாகிப் போய்த் தொட்டியின் அடித்தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஒரே கப்பலை இரண்டு கும்பல் நிரப்பும். முன்பாதி பெண்கள், பின்பாதி ஆண்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் கப்பல் சாய்ந்துவிடும். மழை பிடித்ததிலிருந்து பெண்கள் பக்கம் பின்தங்கிக்கொண்டே வந்தது. ஆண்கள் கம்பைச் சாத்திவிட்டு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பொறுமையா குத்துங்கம்மா! நாங்க காத்திருக்கோம்!"

"மழை பட்டதும் சாயம் வெளுத்துப் போச்சு பாத்தியா?"

லெம்பி குறுக்குக் கம்பியில் வயிற்றை அழுத்தி, பாதி உடம்பைத் தொட்டிக்குள் தொங்கவிட்டுக் குத்தினாள். பின்னாலிருந்து சைமா அவள் பெல்ட்டைப் பிடித்திருந்தாள். கம்பு சேற்றின் மேலாகப் பட்டு வழுக்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

"விழுந்து தொலைச்சிராதடி," என்றாள் சைமா. "உன் மாமனாருக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"நான் விழுந்தா அவருக்கு நிம்மதிதான்."

"அப்ப இன்னும் நல்லா பிடிச்சுக்கறேன். அந்தாளுக்கு நிம்மதி எதுக்கு?"

அடுத்த தொட்டியில் நின்ற ஜோசெட், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒஜிப்வே பூர்வகுடி ஊரிலிருந்து வருகிறவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் காரம் இருக்கும். "இந்தத் தொட்டி எங்க மாமியார் மாதிரி," என்றாள், மூஞ்சியில் தெறித்த சிவப்புச் சேற்றைத் துடைத்துக்கொண்டு. "மேல எவ்வளவு கொஞ்சினாலும் உள்ளே இளகாது."

சங்கு ஊதிய பிறகு ஹால்வர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"லஹ்டி, இதைச் சொல்ல எனக்கே பிடிக்கலை. நாளைக்கு வர்ற கப்பலும் உங்க பக்கம் தாமதமாச்சுன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து உங்களையெல்லாம் மேலேர்ந்து இறக்கிடச் சொல்லிட்டாங்க கம்பெனில. பெருக்கற வேலை கொஞ்சம் இருக்கு, ரெண்டு மூணு பேருக்கு. மத்தவங்க வீட்டுக்குத்தான்."

"நாங்க கை வச்சுக்கிட்டு சும்மாவா நிக்கிறோம் ஹால்வர்?"

"யாரு சொன்னா? உசிரக் கொடுத்துத்தான் குத்தறீங்க. ஆனா பொம்பளைக் கை. அவ்வளவுதானே வரும்?"

லெம்பி வெள்ளை முனைக் கம்பை மூலையில் சாத்தினாள். தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. அப்படித்தானோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளை அதிகமாக அழ வைத்தது. வழியெல்லாம் மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் ஏரி மீன் வறுவலும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கருப்பு ரொட்டியும் மேஜையில் இருந்தன. ஹெய்க்கி மே மாதத்திலிருந்து மருமகளோடு நேரடியாகப் பேசுவதில்லை. எது சொன்னாலும் பெண்டாட்டி செல்மா வழியாகத்தான்.

"செல்மா, மேலேர்ந்து இறக்கப் போறாங்களாமே?"

"எனக்கென்ன தெரியும்? பக்கத்துலதான உக்காந்திருக்கா, அவளையே கேளுங்க."

"திங்கட்கிழமை சூப்பரண்டு வீட்டுக்கு வரச் சொல்லிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லு. நான் போய்ப் பேசிட்டு வந்துட்டேன்."

லெம்பியின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. "யாரைக் கேட்டுப் பேசினீங்க மாமா?"

"என் பேரை டாக்கு உச்சியில சந்தி சிரிக்க வைக்கிறதை நிறுத்தறதுக்கு நான் யாரைக் கேக்கணும், செல்மா?"

"அது என் பேரும்தான்."

"இருபத்தஞ்சு வருஷம் லஹ்டிக்காக ஒரு கப்பல் காத்து நின்னதில்லைன்னு சொல்லு அவகிட்ட! இப்ப தினம் நிக்குது. காப்பிக் கடைக்குப் போனா 'என்ன ஹெய்க்கி, லஹ்டி இன்னைக்காவது குத்தி முடிச்சாரா'ன்னு கேக்கறானுங்க. இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. லெம்பிக்கு ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. சவுனாவில் முதல் சூடு டாக்கிலிருந்து வருகிறவர்களுக்கு. கல் நன்றாகக் காய்ந்து, ஆவி சீறுகிற நேரம் அது. அவர்கள் குளித்து எழுந்த பிறகு மிச்சச் சூட்டில் பெண்களும் பிள்ளைகளும். அன்றைக்கு லெம்பி உடம்பெல்லாம் சிவப்பாக வந்து நின்று, இன்றைக்கு நான் முதலில் போகட்டுமா என்று கேட்டாள். ஹெய்க்கி செல்மாவைப் பார்த்துச் சொன்னார்: "டாக்குல கம்பு பிடிச்சவனுக்குத்தான் முதல் சூடு. வெள்ளைப் பெயின்ட் அடிச்ச குச்சி பிடிச்சவங்களுக்கு இல்லைன்னு சொல்லு."

சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு லெம்பி எழுந்து கொல்லைக்குப் போனாள். சிவப்புத் துணியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சவுனாவிலேயே மாற்றி அங்கேயே அலச வேண்டும் என்பது செல்மாவின் சட்டம். வாளியில் ஊறப்போட்டிருந்த கம்பளிச் சட்டையை முறுக்கிப் பிழிந்து, கோபத்தோடு கம்பின் மேல் வீசினாள். ஈரப் பளுவில் சட்டை வழுக்கிக்கொண்டே அந்தக் கோடிக்குப் போயிற்று. எடுக்கப் போனாள். போனாள், போனாள், கம்பு முடியவில்லை.

ஆறு மாதமாகத் தினம் துணி மாட்டுகிற கம்புதான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தாள். இந்த அறையின் சுவர் நீளத்துக்கு ஒரு கம்பு. தன் வெள்ளைக் குச்சியை இங்கே கொண்டுவந்து மாட்டினால் இரண்டு கொக்கியையும் எட்டாதே என்று தோன்றியது. எட்டாது என்ற வார்த்தையிலேயே அவள் மனசு அப்படியே நின்றுவிட்டது.

"அட கடவுளே," என்றாள் வாய்விட்டு. "கோளாறு கைல இல்லை. கைலயே இல்லை. கம்பு எட்டலை!"

கம்பைத் தூக்கி இறக்கினாள். பளுவாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினாள். எத்தனையோ வருஷம் சவுனாச் சூட்டில் கிடந்து ஈரமெல்லாம் வற்றிப் போயிருந்தது கட்டை. பூப்போல வந்தது கையோடு. நுனியில் இரும்பு முனை துருப்பிடித்துக் கிடந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. தொட்டிக்குள் விடுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து ஒரு குத்து குத்திப் பார்த்தாள்.

"என்ன பண்றே நீ?"

வாசலில் லாந்தரோடு செல்மா நின்றாள். லெம்பி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள். தச்சர் அறுத்தது, மழை, சேறு, எட்டாதது, நாளைக்குக் கப்பல். "நாளைக்கு ஒரு நாள் அத்தை. ஒரே ஒரு நாள். இல்லேன்னா திங்கட்கிழமை மறுபடி அந்தத் தரை, அந்த வாளி, 'இந்தா பொண்ணு'."

செல்மா லாந்தரைக் கீழே வைத்தாள். கம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல எத்தனை வருஷமா அந்த மனுஷனோட கால்சட்டையை மாட்டி மாட்டி எடுத்திருக்கேன் தெரியுமா?" என்றாள். "எடுத்துட்டுப் போ."

"மாமா..."

"நான் இங்க வரவே இல்லை. துணி காய வைக்கக் கூட வரலை." கம்பளிச் சட்டையை லெம்பியின் கையிலிருந்து வாங்கி உதறினாள். "ஒத்தக் கம்பை வச்சுக்கிட்டு நீ மட்டும் என்ன பண்ணுவே? வைனோ வீட்ல ஒண்ணு இருக்கு. மேல வீட்ல ரெண்டு பேரு டாக்குல இருந்தவங்க. தெரு முழுக்க இருக்கே, பைத்தியமே!"

செல்மா அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஏப்ரனை வாயில் அடைத்துக்கொள்ளாத குறையாகச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை விடிகிற நேரம் டாக் வாசலில் நின்ற காவல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தி தோளிலும் சவுனாவிலிருந்து கழற்றிய ஒரு நீளக் கம்பு. சைமா தோளில் இரண்டு, ஒன்று ஜோசெட்டுக்கு. இன்னொருத்தி கம்பில் அவள் அப்பாவின் உள்சட்டை ஒன்று கழற்ற மறந்து அப்படியே ஆடிக்கொண்டு வந்தது.

"என்ன ஊர்வலம் இது?" என்றார் ஹால்வர், மேலே படியேறி வந்தவர்களைப் பார்த்து.

"உங்க குச்சிங்க அதோ மூலைல இருக்கு. அடுப்பெரிக்க ஆகும்," என்றாள் லெம்பி. 

"இதெல்லாம் ஆம்பளைக் கம்பும்மா. தூக்க முடியாம கஷ்டப்படுவீங்கன்னுதானே நான் வெட்டச் சொன்னேன். உங்க நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான் ஹால்வர். அதனாலதான் நாங்களும் ரொட்டி சுட்டுக் கொடுத்தோம். தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் இதால குத்தறோம், எட்டலைன்னா திங்கட்கிழமை நானே உங்க துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கறேன்."

ஹால்வர் கம்புகளைப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அட முட்டாளே," என்று முணுமுணுத்தார், தன்னைத்தான்.

கப்பல் டாக்கோரம் வந்து நின்றிருந்தது. புயல் வரும்போல இருக்கிறது, சீக்கிரம் விடுங்கள் என்று காப்டன் மேல்தட்டிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். சரிவுகள் இறங்கின. தொட்டி வாய்கள் திறந்தன. வழக்கம்போல ஒன்றும் விழவில்லை.

லெம்பி கம்பை இறக்கினாள். சேற்றின் மேல் பட்டது. இன்னும் இறக்கினாள். கையில் இன்னும் கம்பு மிச்சம் இருந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! உள்ளே, ரொம்ப உள்ளே, ஏதோ ஒன்று முனையில் தட்டுப்பட்டது. தொண்டைக்குழி. இவ்வளவு நாளும் அவள் தொடவே முடியாத இடம். உடம்பு முழுவதையும் சேர்த்து ஒரு குத்து. இன்னொரு குத்து. களுக்கென்று அடியில் ஒரு சத்தம். அப்புறம் டாக்கே அதிரும்படி தாது பொலபொலவென்று சரிந்து ஓடிக் கப்பலுக்குள் விழுந்தது.

"ஏ சைமா! போவுதுடி!"

"எனக்கும் போவுதுடி! ஆத்தாடி!"

ஜோசெட் குத்தினாள், இழுத்தாள், குத்தினாள். தொட்டி காலியானதும் உள்ளே எட்டிப் பார்த்து, "மாமியார் இளகிட்டாங்க," என்றாள்.

பின்பக்கத்து ஆண்கள் வழக்கப்படி கொஞ்சம் குத்திவிட்டு சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எப்படியும் பெண்கள் பக்கத்துக்காகக் காத்துக் கிடக்கத்தானே போகிறோம் என்று பழகிவிட்டது. அவர்கள் இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்தபோது கப்பல் லேசாக முன்பக்கம் தணிந்தது. காப்டன் தலைதெறிக்கப் பின்பக்கம் ஓடினார்.

"ஏய், பின்னால என்னய்யா தூக்கமா? கப்பல் மூக்கு குத்துது! குத்துங்கய்யா!"

ஹால்வர் வந்து பெண்களை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் தொட்டியோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். சைமா காப்பிப் பாத்திரத்தைத் திறந்தாள். காப்பிக்கு ரேஷனை நீக்கிவிட்ட வருஷம் அது, தண்ணியில்லாத காப்பி. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிதானமாக உறிஞ்சினார்கள். பின்பக்கத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கக் குத்துகிற சத்தம் கேட்டது.

"பொறுமையா குத்துங்கப்பா!" என்று ஜோசெட் குரல் கொடுத்தாள். "நாங்க காத்திருக்கோம்!"

டாக்கு முழுக்கச் சிரிப்பு. ஆண்கள் பக்கமும் சில பேர் சிரித்துவிட்டார்கள்.

இதற்குள் மேட்டுத் தெருவில் வேலியோரம் நடந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. ஹெய்க்கியும், கால்சட்டையை எப்படியோ மாட்டிக்கொண்ட வைனோவும், கம்பு பறிகொடுத்த மற்றக் கிழடுகளும் கும்பலாக டாக்கின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெய்க்கி வரும்போது வாய்க்கு வந்ததெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். வந்து அண்ணாந்து பார்த்தார்.

மேலே கடைசிக் குத்து நடந்துகொண்டிருந்தது. கப்பல் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. ஒரே ஒரு தொட்டி, முனையிலிருக்கிற மூலைத் தொட்டி மட்டும் அடைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றது. அந்தத் தொட்டியைப் பற்றி எல்லாக் குத்துக்காரர்களுக்கும் தெரியும். காற்று நேரே முகத்தில் அடிக்கிற இடம்.

"லஹ்டி!" என்று ஹால்வர் போட்ட சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது. "லஹ்டி! மூலைக்கு!"

"வந்தேன்!" என்றார் ஹெய்க்கி.

கால் ஒரு எட்டு எடுத்து வைத்தும்விட்டது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், உடம்பு கேட்குமா? பக்கத்தில் நின்ற கிழவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைனோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

"வந்துட்டேன்!" என்று மேலேயிருந்து லெம்பியின் குரல் வந்தது.

அவள் காற்றில் குனிந்து நடந்து போனாள். காலை அகட்டி வைத்தாள். கம்பை இறக்கினாள். ஹெய்க்கிக்கு அந்தத் தொட்டி தெரியும், அந்தக் கம்பு தெரியும். அது எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று கீழேயிருந்தே அவருக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு குத்து. இல்லை. இரண்டாவது. இல்லை. லெம்பி கையை மாற்றிப் பிடித்து, குதிகாலில் எழும்பி, மொத்தப் பளுவையும் போட்டு இறங்கினாள். தாது இடிபோல இறங்கிற்று.

கப்பல் சங்கை ஊதியது. ஹெய்க்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். காற்று பலமாக இருக்கிறது என்றார், யாரும் கேட்காமலேயே.

"திங்கட்கிழமை," என்றார் ஹால்வர், இறங்கி வந்த பெண்களிடம். தொப்பி தலையிலேயே இருந்தது. "எல்லாரும் மேல. கம்போட வாங்க."

திங்கட்கிழமை சூப்பரண்டு வீட்டம்மா ஒன்பது மணி வரைக்கும் வாசலைப் பார்த்துவிட்டுத் தானே வாளியை எடுத்தாள் என்பது தனிக்கதை.

அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலம் லெம்பி, சைமா, ஜோசெட் மூன்று பேரும் மேடேறி வந்தபோது தெருவெல்லாம் பிர்ச் விறகுப் புகை. ஜோசெட்டுக்குப் படகு வர நேரமிருந்ததால் லெம்பி விடவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். லஹ்டி வீட்டுக் கொல்லையில் சவுனாச் சுவரோரம் பெஞ்சில் ஹெய்க்கியும் வைனோவும் மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தலையும் காய்ந்துதான் இருந்தது. வாசலில் வாளிகள் நிரம்பி நின்றன.

லெம்பி யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்து கம்பைக் கொக்கியில் மாட்டப் போனாள்.

"அங்க வைக்காதே," என்றார் ஹெய்க்கி.

செல்மா பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவர் லெம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"திங்கட்கிழமை உனக்கு வேணுமே. கொட்டகைல சாத்து, மழை படாம. முனையைக் கொஞ்சம் தேய்ச்சு வைக்கறேன்."

லெம்பி சுவரைப் பார்த்தாள். கொக்கிகளுக்கு நடுவே வரிசையாகப் புது ஆணிகள், துணி மாட்ட. ஒன்றிரண்டு கோணலாக இருந்தன. சுத்தியல் இன்னும் தரையிலேயே கிடந்தது.

"நீங்க குளிக்கலையா மாமா?"

"டாக்குலேர்ந்து வர்றவங்களுக்கு முதல் சூடு. வழக்கத்தை மாத்தறதுக்கு நான் யாரு?" துண்டை மடித்தார், பிரித்தார். "கட்டைக் குச்சின்னு எனக்குத் தெரியும்மா. கேலி பண்ணினேனே தவிர, எட்டாதுன்னு யோசிக்கலை. எனக்குத் தெரியாத தொட்டியா? பொம்பளைக் கைன்னே நினைச்சுட்டேன்."

லெம்பி கோணல் ஆணி ஒன்றை விரலால் தடவினாள். சைமா வைனோ பக்கம் திரும்பினாள். "அப்பா, நீ மத்தியானமே அவுத்தவனாச்சே, குளிருதா?"

"நான் பாதிதான் அவுத்தேன்!" என்றார் வைனோ.

செல்மா துண்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். லெம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வாங்க அத்தை."

"நான் டாக்குலயா வேலை பாக்கறேன்? எனக்கு அப்புறம் மிச்சம் போதும்."

"கம்பை எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாரு? தெரு முழுக்க இருக்குன்னு சொன்னது யாரு?"

"என்னது!" என்று ஹெய்க்கி பெஞ்சிலிருந்து எழுந்தார். "செல்மா, நீயா?"

செல்மா அவரைப் பார்த்தாள். ஏப்ரனை அவிழ்த்துப் புது ஆணி ஒன்றில் மாட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

மேல் பலகைதான் சூடு அதிகம். செல்மா வழக்கப்படி கீழ்ப் பலகையில் உட்காரப் போனாள். மூன்று பேரும் சேர்ந்து அவளை மேலே ஏற்றினார்கள். ஜோசெட் தள்ளினாள், சைமா இழுத்தாள். லெம்பி அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் வீசினாள். கல் சீறியது. ஆவி கூரை வரை எழும்பி, வளைந்து, நாலு பேர் தோள் மேலும் இறங்கியது. லெம்பியின் தோள்பட்டையில் பல நாளாக இறுகியிருந்த வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சிவப்புத் தண்ணீர் பலகை வழியாக வழிந்து ஓடியது.

செல்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். அப்புறம் சுவரை ஓங்கித் தட்டினாள்.

"பாவி மனுஷா! இத்தனை வருஷமா இதையா நீ அனுபவிச்சுக்கிட்டு இருந்தே? ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னியா!"

வெளியே வைனோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹெய்க்கி தொண்டையைக் கனைத்தார்.

"முடிஞ்சுதா? இறங்கறீங்களா? எங்களுக்குக் குளிருது."

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். லெம்பி வாயைத் திறக்கப் போனாள். செல்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை போடுங்க!" என்றாள், டாக்கு மேஸ்திரி குரலில்.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அப்புறம் விறகுக் கொட்டகையின் கதவு திறந்தது.